கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது

பிற்பகல் மூன்று மணி ஆனதும் டைப்பிஸ்ட் அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு வாசிக்கத் தொடங்குவாள். "பார்வையில் காணும் கடிதத்தின்பால் தங்கள் கவனம் ஈர்க்கப்படுகிறது, முற்றுப்புள்ளி. புதுப் பத்தி. மேற்படி பொருள் தொடர்பாக, காற்புள்ளி…" ஏற்ற இறக்கமே இல்லாத குரல். தலைக்கு மேலே நீளக் கம்பியில் தொங்கிய மின்விசிறி ஆடி ஆடிச் சுற்றும். ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம் இலை அசையாமல் வெயிலில் நின்றுகொண்டிருக்கும். நான் எதிரே உட்கார்ந்து, கோப்பிலிருக்கும் வரைவைப் பார்த்து வரிவரியாகப் பென்சிலால் டிக் அடித்துக்கொண்டே போவேன். பாதித் தூக்கமும் பாதி விழிப்புமாகக் கழிந்த அந்த ஒரு மணி நேரத்தை, என் வாழ்க்கையிலேயே சுகமான நேரம் என்று இன்றைக்கும் சொல்வேன். திரும்ப வாழச் சொன்னால் மாட்டேன் என்பதும் உண்மைதான்.

இப்போதுள்ள பிள்ளைகளுக்கு இது புரியாது. அப்போது எந்த ஆணையாக இருந்தாலும் முதலில் ஓர் எழுத்தர் கையால் வரைவு எழுதுவார். அதிகாரி திருத்துவார். பிறகு அது தட்டச்சுக்குப் போகும். தட்டச்சானது அப்படியே கையெழுத்துக்குப் போய்விடாது. தட்டச்சுப் பிரதியை ஒருவர் உரக்க வாசிக்க வேண்டும், இன்னொருவர் வரைவோடு சரிபார்க்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் அலுவலகப் பிரதியின் ஓரத்தில் 'ஒப்பு நோக்கப்பட்டது' என்று எழுதி இரண்டு பேரும் சுருக்கொப்பம் இடுவோம். ஒருவர் கண்ணுக்குத் தப்பினாலும் இரண்டு பேர் கண்ணுக்குத் தப்பாது என்பது அரசாங்கத்தின் நம்பிக்கை. எண்பதுகளின் நடுவில் விழுப்புரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் நான் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தபோது, அந்த இரண்டு பேரில் ஒருத்தியாக என்னை உட்கார வைத்தார்கள். எந்த அலுவலகம் என்று மட்டும் கேட்காதீர்கள்.

எனக்கு ஊர் திண்டிவனம். காலை பாசஞ்சரில் வந்து போவேன். அப்பா படுத்த படுக்கையாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. கீழே இரண்டு தங்கைகள். வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான். ஆனால் ரயிலில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டால் அதெல்லாம் பின்னால் போய்விடும். மார்கழியில் பனி விலகாத வயல்கள், எங்கள் பக்கம் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலைக் காடுகள், தண்ணீர் மட்டும் வெள்ளையாகத் தெரியும் ஏரிகள். முந்தைய நாள் கேட்ட அரசாங்கச் சொற்கள் தலைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று நிலையங்கள் வரும்போது, நடுநடுவே மேற்படி, பார்வை, இணைப்பு, ஆணை என்றும் நிலையங்கள் இருப்பதுபோலத் தோன்றும். 'இணைப்பு' என்ற ஊரில் இறங்கி நடந்தால் எங்கே போகும் என்று யோசித்திருக்கிறேன். ஒருமுறை அப்படி யோசித்துக்கொண்டே விழுப்புரத்தைத் தாண்டிப் போய்விட்டு, அடுத்த நிலையத்திலிருந்து பஸ் பிடித்து வந்து மேலாளரிடம் திட்டு வாங்கினேன்.

இனிக் கோப்பெல்லாம் தமிழில்தான் என்று கண்டிப்பு வந்திருந்த காலம் அது. சொற்பட்டியல் ஒன்றை உருட்டச்சில் அடித்து மேசைக்கு ஒன்றாகக் கொடுத்திருந்தார்கள். முப்பது வருடம் இங்கிலீஷில் எழுதிப் பழகிய மேலாளருக்கு அதைப் பார்த்தாலே பேஜார். நாற்காலியிலிருந்தே, "ஏம்மா, ரிஜெக்டட்னு எழுதணும். கொஞ்சம் கௌரவமா ஒரு தமிழ் சொல்லு" என்று கேட்பார். தட்டெழுத்துப் பொறியிலிருந்து தலையைத் தூக்காமலே அக்கா, "ஏற்பதற்கில்லைன்னு போடுங்க சார்" என்பாள். "அடிக்கிற மாதிரியும் இருக்காது, குடுக்கற மாதிரியும் இருக்காது." மேலாளர் சந்தோஷமாக எழுதிக்கொள்வார்.

அக்காவுக்குச் சொற்கள் எல்லாம் அவள் தெருவில் குடியிருக்கும் மனிதர்கள் மாதிரி. ஒவ்வொன்றின் குணமும் தெரியும். "பரிசீலனைன்றது தூங்கிக்கினு இருக்கற ஆளு. ஆவன செய்யப்படும்ன்றது ஊருக்கெல்லாம் வாக்குக் குடுக்கறவன், கேட்டா வீட்ல இருக்க மாட்டான்" என்பாள். எனக்கு விசித்திரமாகப் பட்டது வேறு. அகற்றப்படும், வழங்கப்படும், ஆணையிடப்படுகிறது என்று எல்லாம் தானாகவே நடந்தன, யார் செய்வது என்று எங்கேயும் இல்லை. ஆனால் 'அரசு கவனமாகப் பரிசீலித்தது' என்று வரும்போது மட்டும் ஓர் ஆள் கண்முன் வருவார். வயதானவர், வெள்ளை வேட்டி, சுத்தமான அறை. ஒவ்வொரு மனுவையும் கண்ணுக்கருகில் வைத்துப் படித்துவிட்டு, ஜன்னல் வழியே வெகுநேரம் எதையோ பார்த்துக்கொண்டிருப்பார். இதைச் சொன்னபோது அக்கா சிரித்துச் சிரித்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டாள். "அந்த ஆளு நாமதான்டி" என்றாள்.

அக்காவின் அம்மா விழுப்புரம் ரயில் நிலையத்தில் வேகவைத்த மல்லாட்டை விற்றாள். புருஷன் போன பிறகு அதை விற்றுத்தான் ஒரே பெண்ணைப் படிக்க வைத்து, டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்கு அனுப்பினாள். நகரத்துக்கு வெளியே ஓர் ஏரிக்கரையில் குடிசை. முப்பது வருடமாக அங்கேதான் இருந்தாள். அக்கா கல்யாணமாகி டவுனுக்குள் மாமியார் வீட்டில் இருந்தாள். அங்கே வந்து இரு என்றால் அந்தம்மா கேட்கமாட்டாள். "சம்பந்தி ஊட்ல ஒரு வேள சோறு திங்கலாம், ரெண்டாவது வேளைக்கு மூஞ்சி மாறும்" என்பாள். அவள் கேட்டதெல்லாம் தன் பெயருக்குக் குடிசை போடும் அளவுக்கு ஒரு துண்டு நிலம், அதற்கு ஒரு பட்டா. "எம்பொண்ணு அடிச்சாத்தான் சர்க்காரு பேசும். எனக்கு ஒரு காயிதம் அடிச்சிக் குடுக்க அதுக்கு மனசு வரல பாரு" என்று என்னிடம் புகார் சொல்லிக்கொண்டே, கூம்பாகச் சுற்றிய தாளில் மல்லாட்டை அள்ளிப் போடுவாள்.

ஏரிக்கரை ஆக்கிரமிப்புகளை அகற்றும் கோப்பு எங்கள் அலுவலகத்துக்கு வந்தது ஒரு பங்குனி மாதம். பக்கத்து மேசைக்காரர் வரைவு எழுதினார். இணைப்பில் நாற்பத்து மூன்று பெயர்கள். அந்தப் பட்டியலின்படிதான் ஒவ்வொரு குடிசைக்கும் அறிவிப்பு போகும். அக்கா காலையில் அதைத் தட்டச்சு செய்தாள். மூன்று மணிக்கு வாசிக்க உட்கார்ந்தோம். முகப்புக் கடிதத்தில் நாற்பத்து இரண்டு நபர்கள் என்று அவள் வாசித்ததுகூட என் காதில் விழுந்திருக்கும். பென்சில் பாட்டுக்கு டிக் போட்டுவிட்டது. பிறகு பட்டியல். பதினைந்து, பதினாறு. பதினேழில் வரைவில் இருந்த பெயரைப் பார்த்தேன். அது அக்காவின் அம்மா பெயர். அக்கா பதினேழு என்று சொல்லிவிட்டு, வரைவில் பதினெட்டாவதாக இருந்த பெயரை வாசித்தாள்.

குரல் மாறவில்லை. நான் நிமிர்ந்து பார்த்தேன். அவள் கண் தாளை விட்டு எழவில்லை. ஆனால் தாளைப் பிடித்திருந்த கட்டைவிரல் நகம் வெளுத்துப் போயிருந்தது. வாசித்துக்கொண்டே போனாள். நான் என்ன செய்ய வேண்டும் என்பது எனக்குத் தெரியும். பென்சிலை அந்தப் பெயரின் மேல் வைத்து, "அக்கா, ஒண்ணு விட்டுப்போச்சு" என்று சொல்ல வேண்டும். நான் அந்தப் பெயருக்குப் பக்கத்திலும் டிக் அடித்தேன். கடைசியில் வழக்கம்போல எழுதி, வழக்கம்போல இரண்டு பேரும் ஒப்பமிட்டோம். அதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

அன்று மாலை ரயிலில் எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. பெரிய காரியம் செய்துவிட்டவள்போல இருந்தது. என் கண்முன் வரும் அந்த வெள்ளை வேட்டிக் கிழவரை ஏமாற்றிவிட்டேன், அவரும் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார் என்று நினைத்துக்கொண்டேன். சித்திரை முடிவதற்குள் குடிசைகள் பிரிக்கப்பட்டன. பட்டியலில் இல்லாததைத் தொட்டால் பதில் சொல்ல வேண்டியது தாங்கள்தான் என்பதால் வந்தவர்கள் ஒரு குடிசையை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவோடு போய்ப் பார்த்தேன். வெறிச்சோடிய கரையில் அது தனியாக நின்றது. பின்னால் ஏரி பளபளத்துக்கொண்டிருந்தது. அந்தம்மா கேப்பைக்கூழ் கரைத்துக் கொடுத்து, "சர்க்காருக்கு என்மேல ஒரு இது" என்றாள். அக்கா என்னைப் பார்க்காமல் கூழைக் குடித்தாள்.

ஆறேழு மாதம் கழித்து இன்னோர் ஆணை வந்தது. ஏரிக்கரையிலிருந்து அகற்றப்பட்டவர்களுக்கு மாற்றிடத்தில் வீட்டுமனைப் பட்டா வழங்கலாம் என்று அரசு முடிவு செய்திருந்தது. தகுதி ஒன்றே ஒன்றுதான். முன்பு அறிவிப்பு பெற்றவராக இருக்க வேண்டும். இணைப்பில் அதே பட்டியல், நாற்பத்து இரண்டு பெயர். அக்காதான் தட்டச்சு செய்தாள். நாங்கள்தான் ஒப்பு நோக்கினோம். பதினாறு, பதினேழு, பதினெட்டு என்று அவள் வாசித்துக்கொண்டே போக, என் பென்சில் பதினேழிலேயே நின்றுவிட்டது. இந்த முறை வரைவில் அவள் அம்மா பெயர் இல்லை. தட்டச்சிலும் இல்லை. எல்லாம் சரியாக இருந்தது.

கடைசி முற்றுப்புள்ளியைச் சொல்லிவிட்டு அக்கா தாள்களை அடுக்கினாள். நான் மெதுவாக, "அக்கா, இதுல சேத்துட முடியாதா?" என்றேன்.

"எப்டி சேக்கறது? அந்த லிஸ்ட்டு நாலு ஆபீஸ்ல இருக்குது." வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள். "ஆனா பழைய ஃபைல்ல கையால எழுதன டிராஃப்ட்டு இருக்குது. அதுல பதினேழாவதா எங்கம்மா பேரு இருக்குது, பக்கத்துல உன் டிக்கும் இருக்குது. அத எடுத்துக் காட்டினா எங்கம்மாவுக்கு மனை வரும். நமக்கு செவன்டீன் பி-ல சார்ஜ் மெமோ வரும். வேலையே போனாலும் போவும்."

நான் பென்சிலைச் சீவத் தொடங்கினேன்.

"நான் ரெடி. ஆனா உன் இனிஷியலும் இருக்குது இல்ல? நீ சரின்னாத்தான் எடுப்பேன். நல்லா யோசிச்சிச் சொல்லு."

"நாளைக்குச் சொல்றேங்க்கா" என்றேன்.

அன்று மாலை ரயிலில் பேரணிக்கும் மயிலத்துக்கும் நடுவே சரி என்றுதான் முடிவு செய்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பாவுக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்த தங்கை, பள்ளிக்கூடத்துக்குப் புதுப் பாவாடை வேண்டும் என்றாள். மறுநாள் நான் அலுவலகத்தில் அக்கா முகத்தைப் பார்க்கவில்லை. அதற்கு மறுநாளும் பார்க்கவில்லை. அக்கா திரும்பக் கேட்கவே இல்லை. ஒரு வாரம் போனது, பிறகு மாதம் போனது. நான் பதில் சொல்லாததையே பதிலாக எடுத்துக்கொண்டு, முன்புபோலவே என் டப்பாவில் தன் ஊறுகாயில் பாதியைப் போட்டாள். அந்த ஊறுகாயை நான் எப்படி விழுங்கினேனோ தெரியவில்லை. கோழை என்று என்னை நானே திட்டிக்கொள்வதற்குக்கூட எனக்கு இருபது வருடம் ஆயிற்று.

அக்கா வேறு வழியில் முயன்றாள். அம்மா பெயரில் ஒரு மனு எழுதி, முறைப்படி தபாலில் அனுப்பினாள். மனு சுற்றிச் சுற்றி எங்கள் அலுவலகத்துக்கே வந்தது. பதில் வரைவை மேலாளரே எழுதினார். மனுதாரர் யார் என்று அவருக்குத் தெரியாது. அக்கா சொல்லவும் இல்லை. மறுபடியும் மூன்று மணி. அன்றைக்கு அவள் தட்டச்சுப் பிரதியை என் பக்கம் தள்ளி, "நீ படி, நான் பாக்கறேன்" என்றாள். நான் வாசித்தேன். "தங்கள் மனு அரசு விதிகளின்படி கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது, முற்றுப்புள்ளி. அறிவிப்பு வழங்கப்பட்டோர் பட்டியலில் தங்கள் பெயர் இடம்பெறாததால், காற்புள்ளி, தங்கள் கோரிக்கை ஏற்பதற்கில்லை எனத் தெரிவிக்கப்படுகிறது, முற்றுப்புள்ளி." அக்கா டிக் அடித்தாள். தான் மேலாளருக்கு எடுத்துக் கொடுத்த சொல் அது என்று அவளுக்கு ஞாபகம் இல்லாமல் இருக்காது. ஒப்பமிட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்து போனவள், வெகுநேரம் வரவில்லை.

நாலைந்து நாள் கழித்து மாலையில் ரயிலுக்கு நின்றிருந்தேன். அந்தம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு, இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து மடித்த கடிதத்தை எடுத்தாள். உறையின் ஓரம்கூடக் கிழியாமல் பிரித்திருந்தாள். "பாப்பா, இன்னா போட்டிருக்குதுன்னு பாரேன்."

மேற்கே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. தண்டவாளம் முழுக்க ஆரஞ்சு நிறம். என் கையால் சரிபார்த்த கடிதம்தான். முதல் வரியைப் படித்தேன். "உங்க மனுவ கவனமாப் பரிசீலிச்சாங்களாம்மா."

"அப்டின்னா?"

"நல்லா யோசிச்சிப் பாத்தாங்களாம்."

அந்த முகத்தை நான் எப்படி எழுதுவேன். "என்னியா? என்னப் பத்தியா சர்க்காரு யோசிச்சுது?" என்று கேட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு சின்னப் பெண்போலச் சிரித்தாள். அடுத்த வரி என் கட்டைவிரலுக்குக் கீழே இருந்தது. ரயில் வந்தது. கடிதத்தை மடித்து அவள் கையில் கொடுத்துவிட்டு ஏறிவிட்டேன். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது பக்கத்தில் பூ விற்றவளிடம் கடிதத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

அடுத்த தை மாதம் கரையைப் பலப்படுத்தும் வேலை வந்தது. அந்தக் குடிசையையும் பிரித்தார்கள். கோப்பில் 'புதிய ஆக்கிரமிப்பு' என்று குறிப்பு இருந்தது. அதற்குள் எனக்குத் திண்டிவனத்துக்கே மாறுதல் கிடைத்திருந்தது. நானே கேட்டு வாங்கியதுதான். ஸ்டேஷனுக்குப் பின்னால் வாடகைக்கு ஓர் அறை பிடித்து அம்மாவை அக்கா வைத்துக்கொண்டாள் என்றும், மூன்று வருடம் கழித்து அந்தம்மா அந்த அறையிலேயே இறந்துபோனாள் என்றும் கேள்விப்பட்டேன். துக்கத்துக்கு நான் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன்.

இப்போது நான் ஓய்வு பெற்று ஏழு வருடம் ஆகிறது. அலுவலகங்களில் யாரும் வாசிப்பதில்லை, திரையில் பார்த்துப் பொத்தானை அழுத்தினால் ஆணை வந்துவிடுகிறது. போன மாதம் ஒரு மத்தியானம் போன் அடித்தது. எங்கேயோ யாரிடமோ கேட்டு என் எண்ணை வாங்கியிருக்கிறாள். "இன்னாடி, உயிரோட இருக்கறியா?" என்ற முதல் வார்த்தையிலேயே அக்காவின் குரல் தெரிந்துவிட்டது. எண்பதை நெருங்குகிறாள். முட்டி வலி, பேரன் வேலை, மேலாளர் போய்ச் சேர்ந்தது எல்லாம் பேசினோம். பிறகு கொஞ்சம் தயங்கினாள்.

"ஒண்ணு கேக்கணும்னே இருந்தேன். அந்த லெட்டர எங்கம்மா உன்கிட்ட காட்டுச்சா?"

இத்தனை வருடம் கழித்தும் பொய் சொல்ல ஒரு கணம் இடம் தேடினேன். "காட்டினாங்க அக்கா. மொத வரியத்தான் படிச்சேன். அடுத்தத படிக்கல. என்னால முடியல."

"என்கிட்டதான் மொதல்ல காட்டுச்சு" என்றாள் அக்கா. "நானும் அந்த மொத வரிய அப்டியே படிச்சிட்டு, அர்த்தங்கூட சொல்லாம நிறுத்திட்டேன். குடிசைய பிரிக்க வந்தவங்ககிட்ட அந்தக் காயிதத்தத் தூக்கிப் பிடிச்சிக்கினு நின்னுச்சு. அவங்க சிரிச்சாங்க. அப்பவும் நம்பல. சாவற வரைக்கும் அதத் தலகாணிக்கு அடியிலயே வெச்சிக்கினு, எனக்கு மனை வரும்னு சொல்லிக்கினு இருந்துச்சு. எதுக்கும்மா இப்டி நம்பறன்னு ஒருநாளு கேட்டேன். 'நீ படிச்ச, அந்தப் பொண்ணும் படிச்சுது. ரெண்டு பேரு படிச்சும் ஒண்ணுதான் வந்துது. அது எப்டிடி பொய்யாவும்'னுச்சு."